தரைக்கும் நெற்றிக்கும் நடுவில்

பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவனுக்கு, தரையில் தொழுகிறவர்கள் பார்க்காத ஒரு காட்சி கிடைக்கும். எல்லோரும் ஸஜ்தாவுக்குப் போகிற நேரம் அது. வரிசை முழுக்க மடங்கி, நெற்றிகள் பாயைத் தொட, அத்தனை தலைகளும் ஒரே மூச்சில் காணாமல் போகும். பிறகு முதுகுகள்தான். வெள்ளை ஜிப்பா முதுகு, கட்டம் போட்ட சட்டை முதுகு, ஷூ கம்பெனி யூனிஃபார்மோடு வேலை நடுவில் ஓடிவந்தவனின் முதுகு. அவற்றுக்கு மேலே மின்விசிறி சுற்றும். வரிசையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் மட்டும் மிச்சமிருப்பேன். குனிந்து என் மடியைப் பார்க்க வேண்டியவன்தான், ஆனால் கண் அலையும். நான் ஏற்கெனவே செத்துப்போய், மேலேயிருந்து ஆம்பூரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். பயமாக இருக்காது. கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

பொறாமை அந்த நெற்றிகள் மேல். சிறு வயதிலிருந்து தரையைத் தொட்டுப் பழகிய நெற்றி என்னுடையதும். கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் அதைக் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் ஏதோ இறங்கிப் போகும். நாற்காலியில் உட்கார்ந்து அரைகுறையாகக் குனிந்தால் அது இறங்குவதில்லை, அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இப்படித் தொழுதாலும் தொழுகை தொழுகைதான் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லோருக்கும் முட்டி நன்றாக இருக்கும்.

என் உடம்பில் இரண்டு வியாதிகள் குடியிருக்கின்றன. ஒன்று இதயத்தில். அது தாளம் தப்பித் துடிக்கும். சில சமயம் ஓடும், சில சமயம் நின்று யோசிக்கும். அப்படித் துடிக்கிற இதயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் வாய் கோணி, கைகால் விழுந்துவிடும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதனால் ரத்தம் சீக்கிரம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று. இன்னொரு வியாதி முட்டியில். அதைத் தேய்மானம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வேலைக்காலம் முழுக்க மேஜை முன்னால் நின்று தோல்களைத் தரம் பிரித்தவன் நான். எங்கள் பக்கம் அந்த வேலைக்குச் செலக்ஷன் என்று பெயர்.

இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். சேர்ந்து வந்ததுதான் பேஜார். முட்டி வலிக்கு ஊரே விழுங்குகிற மாத்திரை, ரத்த மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு ஆகாது. முதல் முறை ரத்த மாத்திரை எழுதிக் கொடுத்தபோதே ஆஸ்பத்திரி சிஸ்டர் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். "தலவலி, கால்வலின்னு எது வந்தாலும் நீங்களா கடையில மாத்திர வாங்கிப் போடக் கூடாது. எங்களக் கேட்டுட்டுத்தான் போடணும்." நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

பள்ளிவாசலில் நாற்காலிக்காரர்கள் நாங்கள் சிலர் இருந்தோம். எல்லோருமே தோல் பதனிடுகிற ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ நின்று தேய்ந்தவர்கள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போன பிறகும் நாங்கள் எழ மாட்டோம். எழுவதே ஒரு வேலை என்பதால் அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். வயதான காலத்தில் மறுமையைப் பற்றிப் பேசுவோம் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருக்கலாம். பேசியதெல்லாம் மாத்திரையைப் பற்றி. ஒருவர் ஏலகிரி மலைக் கிழங்கில் சூப் வைத்துக் குடிக்கச் சொல்வார். ஒருவர் வாணியம்பாடியில் ஒரு எண்ணெய் இருக்கிறது என்பார். வெயில் ஜன்னலிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து சுவருக்கு நகரும்வரை முட்டிகள் பேசிக்கொண்டிருக்கும்.

அவர்களில் ஒருவர் என் பழைய தோஸ்த். ஷூ கம்பெனியில் கட்டிங் மேஸ்திரியாக இருந்தவர். ஒருநாள் தொழுகைக்கு வந்தவர் நாற்காலிப் பக்கமே திரும்பாமல் நேராக வரிசையில் போய் நின்றார். இமாம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார், என் தோஸ்த் மடங்கிக் கீழே போனார். நெற்றி தரையில். எனக்குத் தொழுகையே கலைந்துவிட்டது. முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், முட்டிய மாத்திட்டியா?"

"அதெல்லாம் இல்ல. செட்டு போட்டேன். பஜார்ல அந்த மெடிக்கல்ல போயி கால்வலி செட்டுன்னு கேளு. ஒரு நாள் போட்டாலே நீ ஓடுவ."

செட் என்றால் எங்கள் பக்கம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. காய்ச்சல் செட், சளி செட், கால்வலி செட். அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மூன்று மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் இருக்காது. இருந்தாலும் பாதிப் பெயர் கத்தரியில் போயிருக்கும். பெயர் இல்லாத சரக்கைப் பார்த்துப் பயப்படுகிறவனா நான்? தோலுக்கு ஏது லேபிள்? கையில் எடுத்து, மடக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்தால் அது எப்படிப்பட்டது என்று அதுவே சொல்லிவிடும். மாத்திரையும் வேலை செய்தால் நல்ல சரக்கு என்றுதான் நினைத்தேன். கடைக்காரர், "ஷுகர் இருக்கா பாய்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். இதயத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து கால்களைத் தொங்கவிட்டபோது வழக்கமாக வருகிற குத்தல் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவே இல்லை. வலி போன பிறகுதான் இத்தனை காலம் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. வீடு முழுக்க ஒரு அமைதி. தெருவில் யாரோ பால் ஊற்றுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

அன்று அஸருக்கு வரிசையில் நின்றேன். இரண்டு பக்கமும் தோள்கள் என் தோளைத் தொட்டன. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த உரசலையே மறந்திருந்தேன். தக்பீர் கேட்டது. முட்டி மடங்கியது, உள்ளங்கைகள் பாயில் பட்டன, பிறகு மூக்கும் நெற்றியும். பாயில் பழைய அத்தரும் வெயிலும் கலந்த ஒரு வாசனை. என் மூச்சு எனக்கே திரும்பி வந்து முகத்தில் மோதியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது, இமாமுக்குத் தெரியும். இந்தத் தரைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினால் அம்மாவும் அப்பாவும் இருப்பார்கள் என்று நினைத்தேன். அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ பக்தி என்று நினைத்திருப்பார். எனக்கு அப்பட்டமான சந்தோஷம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கனவு மாதிரி போயின. பாலாற்றுப் பாலம்வரை நடந்து, தண்ணீர் இல்லாத மணலைப் பார்த்துவிட்டு வருவேன். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வரும் ரயில் கடந்துபோகும்வரை சும்மா நிற்பேன். நிற்பது இவ்வளவு சுகமா என்று இருக்கும். மத்தியானம் படுத்தால் சொப்பனம் வரும். சொப்பனத்தில் பள்ளிவாசல் தரை முழுக்க மெத்தென்ற ஆட்டுத்தோல் விரித்திருக்கும். நான் அதில் மண்டியிட, தரை என் முட்டிக்கு இடம் விட்டு லேசாகக் குழியும். எழுந்த பிறகும் அந்த மெத்தென்ற உணர்வு கால்களில் இருக்கும். ஒரு செட் தீர்ந்தால் இன்னொரு செட் வாங்கினேன். மற்ற மாத்திரைகளையும் ஒழுங்காகப் போட்டேன், ரத்த மாத்திரை உட்பட. ஒழுக்கத்தில் குறை வைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சமயத்தில் பழைய முதலாளியின் மகன், வெளிநாட்டுக்குப் போகிற ஒரு தோல் லாட் வந்திருக்கிறது, வந்து செலக்ஷன் பார்த்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார். நேவி ப்ளூ நிறத் தோல். மேஜை மேல் விரித்து, முன்னங்கையால் நீவி, நல்லதை ஒரு பக்கம் சுமாரை ஒரு பக்கம் என்று போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது முன்னங்கையில் கருநீலமாக ஒரு பட்டை. சாயம் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். கொஞ்சம் மண்ணெண்ணெய்கூடத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது அகலமாகிக்கொண்டே போனது.

இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறு ஊராக இருந்தால் கை நீலமானதும் இன்னா ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கை நீலமாக இருந்தால் இன்னா லாட் என்று கேட்பார்கள். என் மனைவி சோறு போடும்போது பார்த்துவிட்டு, "அந்த நேவி ப்ளூ இன்னுமா போவல?" என்றாள். தோஸ்த் என் கையைப் பிடித்துப் பார்த்து, "மட்டமான சாயம் பாய்" என்று தீர்ப்பே சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படிச் சாயம் விடுகிற தோலை அனுப்பினால் வாங்குகிற பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவானே. முதலாளி மகனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்த லாட்ட அனுப்பாத. சாயம் ஒட்டுது. என் கையே சாட்சி."

அவர் பயந்துபோய், வெள்ளைத் துணியை வைத்துத் தோலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "தேச்சுப் பாத்துட்டேன் பாய். துணியில ஒண்ணும் ஒட்டலயே."

"நீ சரியாத் தேய்க்கல," என்று சொல்லி வைத்துவிட்டேன். என் ரத்தம் என் தோலுக்கடியில் கசிந்து பரவிக்கொண்டிருக்க, நான் ஒரு நல்ல லாட்டைப் பழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. பல் தேய்த்தால் எச்சில் சிவப்பாக வந்தது. பிரஷ் கரடு என்று நினைத்தேன். வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வெள்ளிக்கிழமை பிரியாணியோடு சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் பழியைப் போட்டேன். படியேறினால் மூச்சு வாங்கியது. ரொம்ப நடக்கிறேன் அல்லவா, அதனால் என்று சொல்லிக்கொண்டேன். முட்டி வலிக்காத மனிதனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கிடைக்கிறது.

ஒரு மத்தியானம் குளிக்கப் போனேன். முதுகு தேய்க்க மனைவியைக் கூப்பிட்டேன். அவள் நாரைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது?"

"இன்னா?"

"முதுகுல. இங்கியும், இடுப்புகிட்டயும். நீலமா இருக்கு."

"சாயம்தான்."

"முதுகாலயா தோல் பிரிச்சீங்க?"

நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வருவதற்குள் சுவர் மெதுவாகச் சாய்ந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், உள்ளே வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த காகித உறை, அலமாரியிலிருந்த மாத்திரைகள், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிப் போட்டாள். பக்கத்து வீட்டுக் கார் வந்தது.

வேலூர் போகிற வழி எனக்குச் சரியாக நினைவில்லை. மலைகள் ஜன்னலோரமாகக் கூடவே வந்தன. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றபோது அவையும் நின்றன. என் தலை மனைவியின் மடியில் இருந்தது. அவள் ஓதிக்கொண்டே வந்தாள். நடுநடுவே ஓதுவதை நிறுத்தி, "தூங்காதீங்க" என்று கன்னத்தில் தட்டினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மெத்தென்ற ஏதோ ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தேன், அது இதமாகவே இருந்தது. இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் யாருடைய ரத்தமோ எனக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். புண்ணாகி, அங்கிருந்து ரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் ஒரு இளம் டாக்டரம்மா காகித உறையைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டில் அருகே உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"இதுல ஒண்ணு வலி மாத்திரை, ஐயா. அது வயித்துல புண்ணு பண்ணும். இன்னொண்ணு ஸ்டீராய்டா இருக்கும்னு நினைக்கிறோம், அது புண்ண ஜாஸ்தியாக்கும். சாதாரணமா ஒருத்தருக்குக் கசிஞ்சா தானா நின்னுடும். நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடறீங்க, அதனால நிக்கல. இந்த வலி மாத்திர பிரஷர ஏத்தும், உடம்புல தண்ணி சேக்கும், இதயத்துக்கும் கிட்னிக்கும் கஷ்டம். உங்களுக்கு எந்த வழியிலயும் ஒத்துவராது."

என் மனதில் அதற்குள் ஒரு கணக்கு ஓடிவிட்டது. "அப்போ ரத்த மாத்திரய நிறுத்திட்டு, இத மட்டும் போடலாமா?" என்று கேட்டேன். கேட்டபோது அது புத்திசாலித்தனமாகவே தெரிந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

"நீங்களா அத நிறுத்துனா, ரத்தம் கட்டி மூளையில ஆபத்து வரும். இப்ப ரத்தம் கசியறதால நாங்க நிறுத்தி வச்சிருக்கோம், எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு நாங்களே பாத்துச் சொல்லுவோம். வலிக்கு வேற வழி இருக்கு."

வேறு வழி என்றால் என்னவென்று சொன்னார். பாராசிட்டமால், அவர்கள் சொன்ன அளவுக்குள் மட்டும். காலையில் வெந்நீர் ஒத்தடம். சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து அழுத்துகிற பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்துகிற பயிற்சி. எடையைக் குறைப்பது. கைத்தடி. மேலே பூசுகிற தைலம், நாட்டு மருந்து, கிழங்கு சூப், எதுவானாலும் முதலில் அவர்களைக் கேட்பது. எந்த டாக்டரிடம் போனாலும் பல் டாக்டரானாலும் முதல் வார்த்தையாக ரத்த மாத்திரையைச் சொல்வது. "வலி முழுசாப் போகாதுங்க ஐயா, கம்மியாகும்," என்றார். முட்டி மாற்றுகிற ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன். இதயம் இருக்கிற நிலையில் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். தரையில் மண்டியிட்டுத் தொழுவதைப் பற்றியும் கேட்டேன்.

"அதை விட்டுடுங்க," என்றார் அந்தப் பெண், என் மகள் வயது இருக்கும். மென்மையாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர், ரத்தம் ஏற்றினால் சிலருக்கு அப்படித்தான் என்று என் மனைவிக்கு ஆறுதல் சொன்னார். அவளுக்குத் தெரியும். போர்வைக்கு மேலேயே என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு தோஸ்த் பார்க்க வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆவலியே பாய்," என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வந்ததோ, அவரை ஒரு பிடி பிடித்தேன். கடைசியில் அவர் தன் பையிலிருந்த உறையை எடுத்து மேஜை மேல் வைத்தார். டாக்டரிடம் காட்டுகிறேன் என்றார். காட்டினாரா தெரியாது. இப்போதெல்லாம் நாற்காலிப் பக்கம்தான் உட்காருகிறார்.

பள்ளிவாசலுக்குப் போகத் தெம்பு வரும்வரை வீட்டு ஹாலில் நாற்காலி போட்டுத் தொழுதேன். மனைவி பக்கத்தில், கொஞ்சம் பின்னால், தன் பாயில் தொழுவாள். அவரவர் தொழுகை அவரவருக்கு. ஒரு அஸர் வேளை. வெயில் மஞ்சளாகி, ஜன்னல் திரை மெதுவாக உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. நான் முடித்து ஸலாம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று என் நாற்காலி அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸஜ்தாவிலிருந்து எழுகிறவள் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் நாற்காலிக் காலைப் பிடித்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, பல்லோடு பல் சேர்த்து, மூச்சைப் பிடித்து எழுந்தாள். மீண்டும் கீழே போனாள். மீண்டும் அப்படியே எழுந்தாள்.

அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"ஒனக்கு முட்டி வலிக்குதா?"

"இல்ல."

"நாற்காலி ஆடுச்சு."

அவள் பாயை மடித்தாள். "கொஞ்சம் வலிதான்."

"எப்பருந்து?"

"ஒங்களுக்கு வர்றதுக்கு முன்னாலருந்தே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை காலம் என் முட்டி, என் வலி, என் ஒத்தடம் என்று இந்த வீட்டில் முனகிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். "ஏன் சொல்லல? நீயும் ஒரு நாற்காலி போட்டுக்க வேண்டியதுதான?"

மடித்த பாயை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேரும் மேல ஒக்காந்துட்டா, கீழ யாரு போறது? போவ முடியலன்னு நீங்க இன்னா அழுவ அழுதீங்க. அதான். தொழுகையில ஒவ்வொரு ரக்அத்துக்கும் ரெண்டு ஸஜ்தா இருக்கில்ல. ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒங்களுக்குன்னு நெனச்சிக்கினு போறேன்."

கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கிருந்த நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அது தரையில் கிறீச்சிட்டது. நானே கொண்டு வர்றேன் என்று அவள் சொல்லச் சொல்ல, இழுத்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன்.

"அடுத்த தடவ வேலூருக்கு நீயும் வர்றே. இப்ப ஒக்காரு."

"மக்ரிபுக்குப் பாங்கு சொல்லட்டும், ஒக்கார்றேன்," என்றாள்.

பொழுது சாய்ந்து பாங்கு சொன்னார்கள். அன்று எங்கள் வீட்டிலிருந்து யாரும் தரைக்குப் போகவில்லை.